எங்கே கையெழுத்துப் போடணும், டாக்டர்?

ராத்திரி பதினோரு மணி. ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே ஸ்ட்ரெச்சரில் எங்கள் பெரியப்பா. வெளியே பெஞ்சில் பெரியம்மா. அட்டையில் செருகிய காகிதக் கத்தையோடு ஒரு நர்ஸ் வந்து நின்றார்.

"இங்க ஒண்ணு போடுங்கம்மா... இங்க ஒண்ணு... திருப்புங்க, இதுலயும்."

பெரியம்மாவின் மூக்குக் கண்ணாடி வீட்டில், டி.வி. ஸ்டாண்டின் மேல் இருந்தது. கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டார். இருந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். நர்ஸின் விரல் நகர நகர ஐந்து கையெழுத்து. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள். எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா அந்த பாட்டிலைக் குலுக்கிக் காட்டுவார். அதில் கொஞ்சம் பெருமைகூட!

இந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி.

நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு மிக்ஸி வாங்குகிறோம். பில், காரண்டி கார்டு, அட்டைப் பெட்டி மூன்றையும் பரண்மேல் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறோம். ஜாடி ஒழுகினால் கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறோம். வயிற்றைத் திறந்து தைக்கிற ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, உள்ளே என்ன செய்தார்கள் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளாமல் ஆட்டோ ஏறி வந்துவிடுகிறோமே, ஏன்?

"டாக்டரைப் போய் எப்படிங்க கேக்கறது? கோவிச்சுக்க மாட்டாரா?"

நல்ல டாக்டர் கோவித்துக்கொள்ள மாட்டார். கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கேட்கிற உரிமையைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

நோயாளி 'கன்ஸ்யூமர்' ஆன கதை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986இல். காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது அது. பாங்க், ரயில், டெலிபோன்... எல்லாம் சரி. வைத்தியம் 'சேவை'யில் சேருமா? இதில்தான் பெரிய சண்டை. "எங்களைக் கேள்வி கேட்க மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. கடைக்காரரோடு எங்களைச் சேர்க்காதீர்கள்" என்பது டாக்டர்கள் தரப்பு வாதம். 1994இல் சென்னை ஐகோர்ட்டும், நோயைக் கண்டறிந்து மருந்தாலோ அறுவையாலோ டாக்டர் செய்யும் சிகிச்சை இந்தச் சட்டத்தில் சொல்லும் சேவை ஆகாது என்றே தீர்ப்புச் சொன்னது.

விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இந்திய மருத்துவச் சங்கம் ஒரு தரப்பாக நின்ற அந்த வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் சேவைதான், நோயாளியும் நுகர்வோர்தான் என்று சொல்லி, சென்னைத் தீர்ப்பை ஏற்க மறுத்துவிட்டது சுப்ரீம் கோர்ட்.

அதற்குப் பிறகும் இந்த வாதம் ஓயவில்லை. 1986 சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 'புதுச் சட்டத்தில் மருத்துவம் என்ற வார்த்தையே இல்லை, ஆகவே நாங்கள் இல்லை' என்று ஒரு மருத்துவர் அமைப்பு வழக்குப் போட்டது. 2022இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. 2024இல் வக்கீல்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்ன அமர்வு, 1995 தீர்ப்பையும் திரும்பிப் பார்க்கலாமே என்றது. அதே வருடம் மூன்று நீதிபதிகள் சேர்ந்து, அதற்கு அவசியம் இல்லை என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தார்கள். ஆக, வக்கீல் தப்பித்தார், டாக்டர் தப்பவில்லை!

இதில் யார் யார் வருவார்கள்? பணம் வாங்கும் தனியார் ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் வரும். சிலரிடம் பணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடமானால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் நுகர்வோர்தான். நீங்கள் ஒரு பைசா கட்டாமல் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, வேலை பார்க்கிற கம்பெனியோ கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் 2007இல் சுப்ரீம் கோர்ட் இந்தக் கணக்கில் சேர்த்தது. எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்கிற ஆஸ்பத்திரி மட்டும் வெளியே. ஓ.பி. சீட்டுக்கு வாங்கும் சில்லறைக் காசு கட்டணம் ஆகாது.

அதனால் இலவச ஆஸ்பத்திரியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 1963இல் மகாராஷ்டிராவில், அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடிந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள் ஒரு துணியை வைத்தே தைத்துவிட்டார்கள். சில நாளில் அந்தப் பெண் இறந்துபோனார். குடும்பம் சாதாரண சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 'எந்த டாக்டர் விட்டார் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் அரசு பொறுப்பு' என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1996இல். முப்பத்து மூன்று வருஷம்! அந்தப் பெண் பெற்ற குழந்தை அதற்குள் பிள்ளை குட்டிகளோடு இருந்திருக்கும்.

எழும்பூரில் பிறந்த குழந்தை

நம் ஊர் வழக்குக்கு வருவோம். 1996 ஆகஸ்ட் கடைசியில், சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்து மாதம் நிரம்பவில்லை, 29 வாரம்தான். எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, மூன்று வாரத்துக்குமேல் பார்த்துக்கொண்டு, உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரை ஆஸ்பத்திரி செய்தது பெரிய காரியம்தான்.

ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு ஆபத்து உண்டு. கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்வதற்குள் குழந்தை வெளியே வந்துவிடுகிறது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருக்கும். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்தால்தான் தெரியும். உரிய நேரத்தில் தெரிந்துவிட்டால் லேசர் சிகிச்சையில் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். சில வாரம் தவறினால் போனது போனதுதான்.

அந்தக் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யப்படவில்லை. 'கண்ணை ஒருமுறை காட்டுங்கள்' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. சில மாதம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்கா வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்வை திரும்பவில்லை.

தந்தை விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 ஜூலை 1 அன்று இழப்பீடு சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்ந்தது. அதுவரை வைத்தியத்துக்குச் செலவழித்தது, இனி ஆயுசு முழுக்க ஆகப்போகும் செலவு, வருடா வருடம் ஏறும் விலைவாசி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள் நீதிபதிகள். அந்தக் குழந்தைக்கு அப்போது வயது 18 முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது.

எத்தனை கோடி கொடுத்தாலும் என்ன என்று தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது. அதனால், இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தையோ, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தையோ இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னும் சின்னக் குழந்தையானால் இரண்டு மூன்று வாரத்திலேயே காட்ட வேண்டும். டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். "கண்ணைப் பார்த்தாச்சா டாக்டர்?" என்ற மூன்று வார்த்தை போதும்.

பிழைக்கவில்லை என்றால் டாக்டர் தப்பா?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் தோற்பது வேறு, அலட்சியம் வேறு. நூறு சதவிகித காரண்டி எந்த வைத்தியத்துக்கும் கிடையாது. அதே துறையில் சாதாரணத் திறமையும் கவனமும் உள்ள ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் சட்டம் பார்க்கும் அளவுகோல். உலகத்திலேயே பெரிய நிபுணர் என்ன செய்திருப்பார் என்று பார்ப்பதில்லை. ஒரே நோய்க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிகள் இரண்டு இருந்து, டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது பலிக்காமல் போனால், அது அலட்சியம் ஆகாது.

பின்னே எது அலட்சியம்? கோர்ட் ஏறிய சில கதைகளைப் பாருங்கள்.

டைஃபாய்டு காய்ச்சலில் படுத்திருந்த ஒரு குழந்தைக்கு, எழுதிய ஊசியை விட்டுவிட்டு மலேரியாவுக்கான ஊசியைப் போட்டுவிட்டார் ஒரு நர்ஸ். குழந்தை நினைவே திரும்பாத நிலைக்குப் போய்விட்டது. 1998இல் சுப்ரீம் கோர்ட் குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சம், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாக 5 லட்சம் என்று தீர்ப்புச் சொன்னது. பெற்றோரும் நுகர்வோர்தான் என்றது இந்தத் தீர்ப்பு.

மும்பையில் ஒரு ஹோமியோபதி டாக்டர், காய்ச்சலுக்கு அலோபதி மருந்துகள் கொடுத்தார். நோயாளி இறந்துபோனார். படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம்தான், வேறு நிரூபணம் தேவையில்லை என்றது சுப்ரீம் கோர்ட், 1996இல். 'அவரும் டாக்டர்தானே' என்று தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க!

ஹைதராபாத்தில் ஒரு பெண்மணிக்குக் குளிர்ஜுரம். வந்தது மலேரியா, பார்த்தது டைஃபாய்டுக்கு. அவர் இறந்த பிறகு கணவர் வழக்குப் போட்டார். 'வேறொரு டாக்டரின் நிபுணர் கருத்து இல்லாமல் வழக்கே நிற்காது' என்றார்கள். எல்லா வழக்குக்கும் அது கட்டாயமில்லை, தப்பு பளிச்சென்று தெரிகிறபோது தேவையே இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2010இல் சொன்னது. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் சாட்சி சொல்ல முன்வருவது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

"போலீஸில் புகார் கொடுத்து டாக்டரை உள்ளே தள்ள முடியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவ்வளவு சுலபம் இல்லை. 1995இல் லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். சிலிண்டர் காலி! இன்னொன்றைக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. மகன் போலீஸுக்குப் போனார். 2005இல் சுப்ரீம் கோர்ட் டாக்டர்மீதிருந்த கிரிமினல் வழக்கை ரத்து செய்தது. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு ஆஸ்பத்திரியிடம் இழப்பீடு கேட்கலாம். டாக்டரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமானால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்றது. இன்னொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், பாரபட்சமற்ற கருத்தை வாங்கிய பிறகே போலீஸ் மேலே போக வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் டாக்டருக்கு 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. மற்றவர்களுக்கு 5 ஆண்டுவரை.

கோபத்தில் கண்ணாடியை உடைப்பது, டியூட்டி டாக்டர் சட்டையைப் பிடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008இல் சட்டம் வந்திருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, 10 ஆண்டுவரைகூடப் போகலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் உள்ளே போவீர்கள்!

அம்மாவின் கையெழுத்து செல்லாது!

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் 44 வயது பெண்மணி, திருமணம் ஆகாதவர், அதிக ரத்தப்போக்குக்காக 1995 மே மாதம் ஒரு டாக்டரிடம் போனார். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. பார்த்தால், கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த வயதான அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கண் விழித்த பெண்மணிக்கு அப்புறம்தான் தெரியும்.

2008இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான். மயக்கம் தெளிந்தால் தானே முடிவு சொல்லக்கூடிய, வயது வந்த பெண் அவர். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. அப்படியிருக்க அம்மா போட்ட கையெழுத்து செல்லாது. டாக்டர் நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், செய்தது மருத்துவ ரீதியில் சரியாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் செய்தது தப்பு. டாக்டர் ஃபீஸ் கேட்கக்கூடாது. 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும்.

வெறும் 25 ஆயிரமா என்று எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்கெல்லாம் சேர்த்து ஒரு காரியம் செய்திருக்கிறது. கையெழுத்து வாங்குமுன் டாக்டர் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. என்ன செய்யப் போகிறார், எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்டிக்கக்கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மனைவிக்கு ஆபரேஷன் என்றால் கணவர் கையெழுத்து. அப்பாவுக்கு என்றால் பிள்ளை கையெழுத்து. சுயநினைவோடு கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிற ஆளை யாருமே கேட்பதில்லை! "அவருக்குச் சொன்னா பயந்துடுவாரு" என்போம். பயப்படட்டுமே. அவர் உடம்பு அது.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தால், "தமிழில் படித்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கோடிட்ட இடங்கள் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். ஆபரேஷன் பெயர் எழுதாத ஃபாரத்தில் போடுகிற கையெழுத்தும், தொகை எழுதாத செக்கில் போடுகிற கையெழுத்தும் ஒன்றுதான்.

இதே மூச்சில் இன்னும் சில உரிமைகளையும் சொல்லிவிடுகிறேன். விபத்து கேஸ் என்றால், 'போலீஸ் வரட்டும்' என்று சொல்லி முதலுதவியைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு டாக்டரோ, தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று 1989லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் 2018இல் வெளிவந்தது. அதில் 17 உரிமைகள் இருக்கின்றன. இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். மருந்தை ஆஸ்பத்திரிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆண் டாக்டர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். பில் பாக்கி என்று சொல்லி நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்கக் கூடாது.

72 மணி நேரம்

பெரியப்பா கதைக்கு வருகிறேன்.

நாலு வருஷம் கழித்து அவருக்கு மஞ்சள் காமாலை. மறுபடி வயிற்று வலி, காய்ச்சல். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கேட்டார். "முதல் ஆபரேஷன்ல பித்தக்குழாய்ல ஏதாவது சிக்கல் வந்துச்சா? ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?"

பெரியம்மா பையைக் கவிழ்த்தார். பில் இருந்தது. மாத்திரைச் சீட்டு இருந்தது. பாட்டிலில் கற்கள் இருந்தன. அந்த ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. நானும் அண்ணனும் பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "மூணு வருஷத்துக்கு மேல ரெக்கார்டு வெச்சுக்கறதில்ல சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். விசாரித்தால், அவர் சொன்னது சரிதான். உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி.

அதே விதியில் அடுத்த வரி என்ன தெரியுமா? நோயாளியோ, அவர் அனுமதி பெற்றவரோ எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும்! நாங்கள் கேட்டிருந்தால் மூன்றே நாளில் கிடைத்திருக்கும். நாலு வருஷம் கேட்கவே இல்லை.

பெரியப்பாவுக்கு மறுபடி ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்தார். ஆனால் பாதி உடம்பாகிவிட்டார். முதல் ஆபரேஷனில் தப்பு நடந்ததா, இல்லை இது யாருக்கும் வரக்கூடிய சிக்கலா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த டாக்டர்மேல் ஒரு பழியும் இல்லாமலே இருக்கலாம். தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே தொலைத்துவிட்டோம்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்படாதீர்கள். அது சுருக்கம்தான். கேஸ் ஷீட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் எழுதும் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன், கையெழுத்துப் போட்ட சம்மத ஃபாரம் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ரிஜிஸ்டர்டு போஸ்ட். இதை எந்தச் சண்டையும் இல்லாமல், சிரித்த முகத்தோடு, குணமாகி வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கே செய்யலாம். வழக்குப் போடத்தான் கேட்கிறோம் என்று இல்லை. நாளைக்குப் பார்க்கப்போகிற டாக்டருக்கு இது தேவை.

சந்தேகம் வந்துவிட்டது... எங்கே போவது?

இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தில் ஒரு பெரிய சவுகரியம், ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்டம், அதற்குமேல் 2 கோடிவரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையம் வழியாகவும் மனுப் போடலாம். என்றாலும் மருத்துவ வழக்கு என்பது ரேஷன் கடைப் புகார் மாதிரி இல்லை. எதிர்த் தரப்பில் விவரமான வக்கீல் வருவார். முடிந்தால் நீங்களும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

டாக்டர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். எச்சரிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யவிடாமல் நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுக்கலாம். பணம் வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போகத் தடையும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 1993இல் பித்தப்பைக் கல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணி ஒன்பது வருஷம் வயிற்று வலியோடு மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். 2002இல் மும்பையில் இன்னொரு ஆபரேஷன் செய்தபோது உள்ளே பஞ்சுத் துணி இருந்தது தெரியவந்தது. வழக்குப் போட்டது 2004இல். 'இத்தனை வருஷம் வலித்தபோதே முதல் டாக்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டாமா?' என்று சொல்லி, காலம் கடந்துவிட்டதாக 2010இல் சுப்ரீம் கோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பெண்மணி ஒரு நர்ஸ்! அவருக்கே இப்படி என்றால்...

வலி போகவில்லையா? புண் ஆறவில்லையா? ஆபரேஷன் செய்த டாக்டரிடமே முதலில் போய்க் கேளுங்கள். போன தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேறு டாக்டரிடமும் காட்டுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பெரியம்மாவுக்குப் போன வருஷம் கண்புரை ஆபரேஷன். ஃபாரத்தை நீட்டினார்கள். "கண்ணு சரியாத் தெரியாமத்தானேம்மா இங்க வந்திருக்கேன், நீயே படி" என்றார் பெரியம்மா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முழுசாகப் படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் "அப்படின்னா என்ன?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். ஏழு நிமிஷம்தான் ஆனது.